விசுவாசத்தைக் கேள்விக்கு உட்படுத்தி ஆழப்படுத்தும் நூல்கள்: எவற்றை வாசிக்கலாம், எப்படி வாசிக்கலாம்?

பொருநைக்கரை வாசகி கேட்டது:

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்ச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வாசிப்பு எனக்குப் புதிதல்ல. ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைப் பள்ளி விடுமுறையில் வாசித்தேன். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடி, 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் செய்யுள்களைத் தாத்தா மனப்பாடமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். காலை ஜெபத்துக்கு ஒரு தியான நூல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்துக்குச் சிலுவைத் தியானங்கள், ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகள் என்று எங்கள் வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவு இருந்ததில்லை. என்னை வளர்த்த அந்த நூல்களைக் குறைத்துச் சொல்வது என் எண்ணம் அல்ல.

என் தாயார் நீண்ட காலம் நோயில் கிடந்து காலமானார். வீட்டாரும் சபையாரும் உபவாசித்து ஜெபித்தோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் விசுவாசத்தில் எங்கோ குறைவு இருந்திருக்கும் என்றார். இன்னொருவர், கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார் என்றார். இரண்டுமே அன்போடு சொல்லப்பட்டவைதாம். ஆனால் இந்த இரண்டு பதில்களையும் சுவிசேஷங்களில் நான் காணவில்லை. அதன் பிறகு தியான நூலைத் திறக்கும்போதெல்லாம், கேள்வி முடிவதற்கு முன்னே பதில் வந்துவிடுவதுபோல் தோன்றுகிறது.

கடவுள் இல்லை என்று வாதிடும் நூல்களை நான் தேடவில்லை. விசுவாசத்துக்கு உள்ளேயே நின்று, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே கடுமையாகக் கேள்வி கேட்டவர்கள் எழுதிய நூல்களே எனக்கு வேண்டும். உங்களை உலுக்கிய நூல் எது? உலுக்கிய பிறகு அது உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? அப்படிப்பட்ட நூலை வாசிக்கையில் ஜெபம் வராமல் போனால் என்ன செய்தீர்கள்? ஆங்கிலத்தை மெதுவாக வாசித்துப் புரிந்துகொள்வேன். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.

மதுரை, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, தாயாரின் மறைவுக்கு என் ஆறுதலைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களை, அவை எழுதப்பட்ட வரிசையிலேயே வாசிக்கும்படி உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். கிறிஸ்தவ எழுத்தாளரான சி. எஸ். லூயிஸ் 1940-இல் வெளியிட்ட 'தி பிராப்ளம் ஆஃப் பெய்ன்' முதலாவது. 1961-இல் வந்த 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' இரண்டாவது. கடவுள் நல்லவராகவும் சர்வவல்லவராகவும் இருந்தால் துன்பம் ஏன் என்ற பழைய வழக்கை எடுத்துக்கொண்டு, மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட சுயாதீனம், ஒழுங்குக்கு உட்பட்ட இயற்கை, பாவத்தின் விளைவு, துன்பத்தால் வரும் பயன் என்று படிப்படியாக வாதிட்டுச் செல்கிறது முதல் நூல். இன்பத்தில் மெதுவாகப் பேசும் கடவுள், துன்பத்தில் செவிட்டு உலகத்தை எழுப்பும்படி உரக்கக் கூப்பிடுகிறார் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து இந்த நூலில்தான் வருகிறது. ஆசிரியர் பெயர் தெரியாமலேயே நாம் அதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்போம். லூயிஸ் துன்பம் அறியாதவர் அல்லர். ஒன்பது வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்; முதல் உலகப்போரில் 1918-இல் காயம்பட்டவர். துன்பம் எழுப்பும் அறிவுச் சிக்கலைத் தீர்ப்பது மட்டுமே தம் நோக்கம் என்றும், சகிப்பைக் கற்பிக்கும் உயர்ந்த பணிக்குத் தாம் தகுதியானவர் என்று எண்ணவில்லை என்றும் முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டாவது நூலின் பின்னணி வேறு. அமெரிக்க எழுத்தாளரான ஜாய் டேவிட்மனை லூயிஸ் 1956-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஜாய்க்கு எலும்பைத் தாக்கிய புற்றுநோய் இருப்பது பிறகு தெரியவந்தது. 1957-இல் மருத்துவமனைப் படுக்கை அருகே குருவானவர் ஒருவர் அவர்களுக்குத் திருமண ஆராதனை நடத்தினார். அதன்பின் நோய் தணிந்தது. ஜாய் எழுந்து நடந்தார். இருவரும் அதை ஜெபத்தின் பதிலாகவே கொண்டார்கள். ஆனால் நோய் திரும்பிவந்தது. 1960 ஜூலை 13 அன்று ஜாய் மரித்தார். வீட்டில் கிடந்த வெற்று நோட்டுப் புத்தகங்களில் லூயிஸ் தம் துக்கத்தை எழுதத் தொடங்கினார். அவை தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு எழுதிய அந்தக் குறிப்புகளே மறு ஆண்டு என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் நூலாக வந்தன. 1963-இல் அவர் மறைந்த பிறகுதான் அது அவருடைய சொந்தப் பெயரில் வெளியிடப்பட்டது.

உங்களுக்குத் தேவையான பக்கம் நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மகிழ்ச்சியாக இருந்த நாள்களில் கடவுளை நோக்கித் திரும்பியபோது இரு கைகளையும் விரித்து வரவேற்றவர், வேறு எந்த உதவியும் இல்லாத நேரத்தில் தேடிப்போனால் கதவை முகத்தில் அடித்துச் சாத்துகிறார் என்றும், உள்ளே தாழ்ப்பாள் மேல் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்கிறது என்றும், பிறகு ஒரு சத்தமும் இல்லை என்றும் லூயிஸ் எழுதுகிறார். கடவுளை நம்பாமல் போவது தமக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றவில்லை என்கிறார். அவர் இருக்கிறார், ஆனால் அவர் இப்படிப்பட்டவர்தாம் என்று அவரைப் பற்றிக் கொடுமையாக நம்பத் தொடங்கிவிடுவதே ஆபத்து என்கிறார். கிறிஸ்தவத்துக்காக வானொலியிலும் நூல்களிலும் வாதாடிப் புகழ்பெற்ற ஒருவர், இந்த வரியை அடிக்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

பாதியில் நிறுத்திவிடக் கூடாத நூல் இது. கடைசிப் பகுதியில் அவருடைய கேள்விகளுக்குப் பதில் கிடைப்பதில்லை. ஆனால் பதில் இல்லாமையின் தன்மை மாறுகிறது: தாழிட்ட கதவாக உணர்ந்ததை, பேசாமல் இரக்கத்தோடு தம்மை நோக்கும் ஒருவருடைய பார்வையாக உணரத் தொடங்குகிறார். மனிதன் கேட்கும் சில கேள்விகள், ஒரு மைலில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்பதைப்போல், பதிலே சொல்ல முடியாதவையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். கடவுளைப் பற்றி நாம் வைத்திருக்கும் உருவத்தைக் கடவுளே உடைக்கிறார் என்ற எண்ணம் இந்தப் பக்கங்களில்தான் வலுவாக வருகிறது. முதல் நூலின் வாதங்களில் எதையும் அவர் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தபின், நீதிமானாக இருந்தும் பெருந்துன்பம் அடைந்த யோபுவின் புத்தகம் எனக்குப் புதிதாகத் திறந்தது. நண்பர்கள் மூவரும், அவன் துன்பத்துக்கு அவனுடைய குற்றமே காரணம் என்று கடவுளைக் குறித்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யோபு ஒருவன்தான் கடவுளையே நோக்கித் திரும்பித் திரும்பி முறையிடுகிறான். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து, 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்கிறார். உங்கள் தாயாரின் விசுவாசத்தில் குறை கண்டவரின் சொல், அந்த நண்பர்களின் வாதத்தையே ஒத்தது. வேதம் அந்த வாதத்தை முழுவதும் பேசவிட்டு, முடிவில் தள்ளிவிட்டது.

தூத்துக்குடி, சபை மூப்பர் ஒருவர் எழுதியது:

பேராசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆயினும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். துக்கம் ஆறாதிருக்கும் ஒருவரிடம் கடவுள் கதவைச் சாத்துகிறார் என்று எழுதிய நூலைக் கொடுப்பது சரியா? பெலவீனமான மனச்சாட்சியுள்ள சகோதரனுக்கு நம் அறிவு இடறலாகிவிடக்கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கேள்வி கேட்கும் நூல்களை மட்டும் வாசித்துக்கொண்டே போய், ஆராதனையையும் ஐக்கியத்தையும் விட்டுவிட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாகு எண்டோ 1966-இல் எழுதிய 'சைலன்ஸ்' நாவலை வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் அறிமுகப்படுத்தினார். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட விசுவாசிகளையும் குருக்களையும் பற்றிய அந்த நாவலைச் சிலர் முடிவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, விசுவாசத்தை மறுதலிப்பது எளிது என்பதுபோல் பேசினார்கள். நூலில் குற்றம் இல்லை. அதைத் தாங்குவதற்கான வேதவாசிப்பு அவர்களிடம் இல்லை. ஆகையால் சகோதரி முதலில் சங்கீதங்களில் தொடங்கட்டும் என்பதே என் கருத்து.

யாழ்ப்பாண வாசகர் எழுதியது:

மூப்பர் ஐயா சங்கீதங்களைக் குறிப்பிட்டதால் அங்கிருந்தே தொடர்கிறேன். சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள் என்பதையும், நம் ஆராதனைகளில் நாம் துதியின் சங்கீதங்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறோம் என்பதையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. இவற்றைத் திருமறையில் சேர்த்த முன்னோர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர்.

சங்கீதம் ஒன்றால் விசுவாசத்துக்குள் வந்த ஒரு ஜெர்மானியரின் நூலைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். யூர்கன் மோல்ட்மன் 1926-இல் ஹாம்பர்க்கில், சமயப் பிடிப்பு அதிகமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். 1943 ஜூலையில் நேசநாட்டு விமானங்கள் அந்நகரத்தின் மீது குண்டு பொழிந்தபோது, பதினேழு வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பணியில் இருந்தார். அருகில் நின்ற நண்பன் குண்டுவீச்சில் சிதறிப்போனான், இவர் பிழைத்தார். அன்றிரவுதான் முதன்முறையாகக் கடவுளை நோக்கிக் கதறியதாகவும், நான் ஏன் மற்றவர்களோடு சாகாமல் உயிரோடிருக்கிறேன் என்ற கேள்வி அதன்பின் தம்மை விடவில்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். 1945-இல் போர்க்கைதியாகிப் பெல்ஜியத்திலும் பின்னர் ஸ்காட்லாந்திலும் முகாம்களில் இருந்தார். அங்கே ஒரு படைக்குரு கொடுத்த வேதாகமத்தில், 'நான் மவுனமாகி, ஊமையனாயிருந்தேன்' என்று சொல்லும் 39-ஆம் சங்கீதத்தைக் கண்டார். தம் நிலையை வேறொருவர் முன்னமே சொல்லிவிட்டதாக உணர்ந்தார். பிறகு மாற்கு சுவிசேஷத்தில் இயேசு சிலுவையில், 'என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கூப்பிட்டதை வாசித்தபோது, தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தார்.

1972-இல் அவர் எழுதிய 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்ற நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. எளிய நூல் அல்ல. இறையியல் வரலாறு தெரியாமல் சில அதிகாரங்களைக் கடப்பது கடினம், அவற்றைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை. அந்தக் கூக்குரலில் மகன் மட்டும் பாடுபடவில்லை, மகனை இழக்கும் பிதாவும் பாடுபடுகிறார் என்பதே நூலின் மையம். கடவுள் துன்பப்பட முடியாதவர் என்று பழைய இறையியலாளர் பலர் கற்பித்ததை அது நேருக்கு நேர் எதிர்க்கிறது. அந்த வாதத்தில் எனக்கு இன்னும் ஐயங்கள் உண்டு: துன்பத்துக்கு உட்பட்ட கடவுள் எப்படித் துன்பத்திலிருந்து நம்மை விடுவிப்பார் என்று கேட்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இடம்பெயர்ந்தும், உறவுகளைப் போரில் இழந்தும், காணாமல்போனவர்களைத் தேடியும் அலைந்த எங்கள் சபைகளில், கடவுள் எல்லாவற்றையும் மேலிருந்து அமைதியாகத் திட்டமிட்டார் என்ற பிரசங்கம் பல தாய்மாருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு மட்டும் தவறாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் அந்த ஒரு நாளை விடவில்லை என்பதை இந்த நூலை வாசித்த பிறகே எனக்கு ஓரளவு விளங்கிற்று.

சபை ஊழியர் ஒருவர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் துன்பம் எழுப்பும் கேள்வியையே எடுத்துக்கொண்டீர்கள். சகோதரியின் நிலையில் அது இயல்பு. ஆனால் விசுவாசத்துக்கு வரும் சவால் ஐயத்திலிருந்து மட்டும் வருவதில்லை. என்னை அதிகமாக உலுக்கிய நூல், கடவுள் இருக்கிறாரா, நல்லவரா என்று ஒரு வரியிலும் கேட்பதில்லை. நீ கீழ்ப்படிகிறாயா என்று மட்டும் கேட்கிறது. ஜெர்மானியக் குருவும் இறையியலாளருமான டீட்ரிச் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட, சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீடராக அவரைப் பின்பற்றுவது பற்றிய நூல் அது.

அதன் முதல் அதிகாரத்தில் அவர் மலிவான கிருபையைத் தம் திருச்சபையின் கொடிய எதிரி என்கிறார். மனந்திரும்புதலைக் கேட்காத மன்னிப்பு, ஒழுங்கைக் கேட்காத ஞானஸ்நானம், பாவ அறிக்கை இல்லாத திருவிருந்து, சிலுவை இல்லாத கிருபை என்று அவர் அடுக்கும்போது, ஞாயிறுதோறும் பீடத்தில் நிற்கிற எனக்கு அந்தப் பட்டியல் எங்கள் சபைப் பதிவேட்டைப்போல் இருந்தது. வரி வசூலிக்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவியை இயேசு கூப்பிட்டதும் அவன் எழுந்து பின்சென்றான் என்ற ஒரே வசனத்தில் அவர் நெடுநேரம் நிற்கிறார். லேவி முன்பு இயேசுவை அறிந்திருந்தானா, யோசித்தானா, என்ன உணர்ந்தான் என்று மாற்கு ஒன்றும் சொல்லவில்லை. விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான் என்பதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்பதையும் அதே அளவு ஏற்கவேண்டும் என்பது போன்ஹோஃபரின் வாதம். விசுவாசம் வரவில்லையே என்று புலம்புகிறவனிடம், நீ தெரிந்தே கீழ்ப்படிய மறுக்கும் இடம் எது என்று கேட்கச் சொல்கிறார். இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டபின், ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் பேசும் விதம் மாறியது.

இந்த நூல் எழுந்த சூழலையும் சொல்ல வேண்டும். ஹிட்லருக்கு இணங்கிப்போன திருச்சபைத் தலைமையை ஏற்க மறுத்த அறிக்கைத் திருச்சபைக்காக, ஃபிங்கன்வால்ட என்ற இடத்தில் போன்ஹோஃபர் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியை ரகசியக் காவல்துறை 1937-இல் மூடியது. 1939-இல் நியூயார்க் சென்று பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடியவர், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1943 ஏப்ரலில் கைதானார்; 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது, அவர் டேகல் சிறையிலிருந்து 1944 ஜூலை 21 அன்று நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதம். ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற மறுநாள் அது. பரிசுத்தமாக வாழ முயன்று விசுவாசத்தை அடைந்துவிடலாம் என்று தாம் ஒருகாலத்தில் எண்ணியதாகவும், அந்தப் பாதையின் முடிவில் சீஷத்துவ நூலை எழுதியதாகவும், அதன் ஆபத்துகள் இன்று தமக்குத் தெளிவாகத் தெரிகின்றன என்றும், ஆயினும் அதில் எழுதியதைத் தாம் கைவிடவில்லை என்றும் அதில் சொல்கிறார். இவ்வுலக வாழ்க்கையின் கடமைகளுக்கும் கேள்விகளுக்கும் தோல்விகளுக்கும் நடுவே முழுவதுமாக வாழ்ந்துதான் விசுவாசிக்கக் கற்றுக்கொள்கிறோம் என்பது அப்போது அவர் கண்ட உண்மை. தம் புகழ்பெற்ற நூலைத் தாமே இப்படித் திரும்பிப் பார்த்த ஒருவரின் எழுத்தை நம்பி வாசிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். சிறைக் கடிதங்களையும் அதனுடன் சேர்த்து வாசியுங்கள்.

திண்டுக்கல் வாசகி எழுதியது:

இதுவரை பேசப்பட்டவர்கள் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் நாட்டவர்கள். தமிழில் வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 1992-இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலை வாசியுங்கள்.

அதை இலக்கியமாகப் பலர் வாசித்திருப்பார்கள். விசுவாச நூலாக வாசித்தவர்கள் குறைவு. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்ய வேண்டும் என்ற ஆவலில் துறவறம் பூண்டு, ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறிய ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. தெருவில் வரும் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரான நாயக்கரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்கு அது சிரிப்பாக இருக்கிறது. வீட்டில் அண்ணன் காரணத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விடுகிறது. அந்தப் பகுதியைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். என்னை நிறுத்தியவை பிற்பகுதியில் வரும் மடத்து வாழ்க்கைப் பக்கங்கள். ஏழ்மை விரதம் எடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடம் முதலிடம் கொடுப்பதையும், ஏழைப் பிள்ளைகள் துப்புரவு வேலைக்கு ஏவப்படுவதையும் அவர் எழுதும்போது, குருக்களும் கன்னியரும் தமக்குச் சொல்லிக்கொடுத்த கடவுளுக்கும், வேதத்தில் தாமே வாசித்தறிந்த இயேசுவுக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறார். கடவுள் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர், ஒடுக்கப்பட்டவர்களோடு நிற்கிறவர் என்பதை யாரும் தமக்கு அழுத்திச் சொல்லவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அடங்கிப்போவதையும் பொறுத்துக்கொள்வதையும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இது விசுவாசத்தை மறுக்கும் குரல் அல்ல. 'நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது' என்று ஆமோஸ் சொன்ன குரலின் தொடர்ச்சி என்றே நான் அதை வாசிக்கிறேன்.

சீர்திருத்தச் சபையார் இதைக் கத்தோலிக்கர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது 1833-இல். இன்றும் நம் திருமண விளம்பரங்களையும், சபைத் தேர்தல்களையும், சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களையும் பார்த்தால் போதும். சபை ஊழியர் ஐயா சொன்ன மலிவான கிருபை நம் நாட்டில் எந்த உருவத்தில் இருக்கிறது என்று கேட்டால், நான் இந்த நூலைத்தான் கையில் கொடுப்பேன். தலித்தாகப் பிறந்த எனக்கு இது ஆறுதலின் நூல். அப்படிப் பிறக்காதவர்களுக்கு இது உலுக்கும் நூலாக இருக்க வேண்டும்.

பொருநைக்கரை வாசகி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லாருக்கும் நன்றி. திண்டுக்கல் சகோதரி எழுதியதை வாசித்தபின் என் கேள்வியே சற்று மாறிவிட்டது. என் துக்கத்துக்கான நூலை மட்டும் தேடி வந்தேன். என் சபையைக் குறித்து நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. மூப்பர் ஐயாவின் எச்சரிக்கையையும் ஏற்றுக்கொள்கிறேன். சங்கீதங்களை நாளுக்கு ஒன்றாகத் தொடங்கிவிட்டேன். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வாசிக்க விரும்பும் சிலர் இருக்கிறார்கள். இவற்றுள் எதைச் சேர்ந்து வாசிக்கலாம், எதைத் தனியாக வாசிக்கலாம்? ஜெபம் வராத நாள்களைப் பற்றிக் கேட்டிருந்தேன்; அதற்கும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மதுரை, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்:

'கருக்கு' நூலைச் சேர்ந்து வாசியுங்கள். அது பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது. உரக்க வாசித்தால்தான் அதன் முழு வலிமை தெரியும். கூட்டத்தில் எல்லாச் சமூகத்தாரும் இருப்பார்களானால், யார் முதலில் பேசுவது என்பதில் கவனமாக இருங்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் முதலில் பேசட்டும், மற்றவர்கள் உடனே விளக்கமோ சமாதானமோ சொல்ல வேண்டாம். போன்ஹோஃபரையும் குழுவாக வாசிக்கலாம், ஆனால் ஒரு சந்திப்புக்கு நான்கு ஐந்து பக்கங்களுக்கு மேல் வேண்டாம். லூயிஸின் இரண்டாவது நூலைத் தனியாகவே வாசியுங்கள். சிறிய நூல்தான், எனினும் ஒரே மூச்சில் முடித்துவிடாமல், ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நாள்கள் விடுங்கள். அது எழுதப்பட்டதும் அப்படித்தான். மோல்ட்மனை அவசரமில்லாமல் பிறகு எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாண நண்பர் கருத்தரங்கு போல இங்கேயே சில அதிகாரங்களை விளக்கினால் எனக்கும் பயனாக இருக்கும்.

ஜெபம் வராத நாள்களில் நான் சொந்தச் சொற்களைத் தேடுவதில்லை. பிசாசு பிடித்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு சொன்னான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மகனைக் குணமாக்கினார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, அன்றைய சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து முடித்துக்கொள்வேன். அதுவும் முடியாத வாரங்களில் ஆலயத்துக்குப் போய் மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யோபுவைத் தொடங்குவதானால் மூன்றாம் அதிகாரத்திலிருந்து தொடங்கி, நண்பர்களின் பேச்சுகளையும் விடாமல் வாசியுங்கள். அவர்கள் சொல்வது எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது என்று தெரிந்தால்தான் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தின் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்று விளங்கும்.